வட்ட முகத்துக்கு எந்த நிறம்? வெளுப்பைக் கூட்டினால் முகம் ஏன் அகலமாகிறது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மாநிறம், வட்ட முகம். மூன்று மாதத்தில் கல்யாணம். ட்ரையல் மேக்கப்பில் உங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பாக பவுண்டேஷன் என்கிற அடிப்பூச்சு போட்டு, கன்னத்தின் இரண்டு பக்கமும் பழுப்பில் கான்டூர், அதாவது நிழல் மாதிரி காட்டுகிற அடர்ந்த பூச்சு, இழுத்திருக்கிறார்கள். பார்லர் கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டோவைப் பார்த்தால் முகம் தாம்பாளம் மாதிரி அகலமாகத் தெரிகிறது. "வட்ட முகத்தை ஒல்லியாகக் காட்ட எந்தெந்த நிறங்கள் போட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: எல்லோரும் சொல்கிறபடிதானே செய்தார்கள், என் முகத்தில் மட்டும் ஏன் நேர்மாறாக வந்தது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் இருபத்திரண்டு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். அதற்கு முன்னால் ஆறேழு வருடம் பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். தொழிலைக் கையால்தான் கற்றேன். அப்புறம், ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் பார்வை பற்றிய ஆராய்ச்சிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தோல் மருத்துவம் நான் படித்ததில்லை, ஆகவே பரு, அலர்ஜி பற்றி எதுவும் சொல்லமாட்டேன். உங்கள் முகத்தையும் நேரில் பார்க்கவில்லை. எது நிச்சயம், எது என் கைப்பழக்கம், எது சந்தேகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமானதை முதலில் எடுத்துக்கொள்வோம். மேக்கப்பில் 'நிறம்' என்று நாம் சொல்வதற்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, சிவப்பா, மஞ்சளா, பழுப்பா என்கிற சாயல். இன்னொன்று, அந்த நிறம் எவ்வளவு வெளிச்சமானது, எவ்வளவு அடர்த்தியானது என்பது. முகத்தின் வடிவத்தை மாற்றிக் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். பார்ப்பவர் கண் எங்கே போய் நிற்கிறது, முகம் களையாக இருக்கிறதா சோர்ந்திருக்கிறதா என்பதில்தான் சாயலுக்கு அதிக வேலை. இதை உடனே சோதித்துப் பார்க்கலாம். அந்த ட்ரையல் போட்டோவை போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ப்ளஷின் ரோஸ், லிப்ஸ்டிக்கின் சிவப்பு, கான்டூரின் பழுப்பு எல்லாம் போய்விடும். மிஞ்சி நிற்கிற வெளிச்சமும் இருட்டும்தான் அன்றைக்கு உங்கள் முகத்துக்குக் கொடுக்கப்பட்ட வடிவம்.

இந்தப் பாடத்தை சினிமாக்காரர்கள் நூறு வருடம் முன்பே படித்துவிட்டார்கள். மௌனப்படக் காலத்தில் பெரிதும் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. உதட்டில் சிவப்பு பூசினால் திரையில் கறுப்பாக விழும். நீலக் கண் வெளிறிப்போகும். கன்னத்தில் ரோஸ் தடவினால் கன்னம் குழி விழுந்த மாதிரி இருக்கும். சிவப்பையும் பார்க்கக்கூடிய பான்குரோமாட்டிக் பிலிம் வந்ததும் பழைய மேக்கப் எல்லாம் பொருந்தாமல் போனது. ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபேக்டர் என்ற மேக்கப் கலைஞர் 1928இல் அந்த பிலிமுக்கென்றே தனி மேக்கப் வரிசையைக் கொண்டுவந்தார். 1930களின் கடைசியில் கலர் படத்துக்காக அவர் கம்பெனி செய்ததுதான் பான்கேக். நம் ஊர் நாடகக் கொட்டகை, டான்ஸ் கிரீன் ரூம் எல்லாவற்றிலும் இன்றைக்கும் புழங்குகிற வார்த்தை அங்கிருந்து வந்தது. பூசியிருப்பது ஒன்றாகவே இருந்தாலும், பார்க்கிற கருவியும் வெளிச்சமும் மாறினால் அதே முகம் வேறு முகமாகும். உங்கள் பார்லர் கண்ணாடிக்கும் போட்டோவுக்கும் நடுவில் நடந்ததும் இதுதான்.

சரி, இருட்டு பூசினால் கன்னம் ஏன் உள்ளே போன மாதிரி தெரிகிறது? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் நேச்சர் இதழில் இது பற்றி எழுதியிருக்கிறார். ஒரு வட்டம் வரைந்து, மேல்பக்கம் வெளிச்சமாகவும் கீழ்ப்பக்கம் இருட்டாகவும் நிழல் கொடுத்தால் அது புடைத்துக்கொண்டு தெரியும். அதே தாளைத் தலைகீழாகத் திருப்பினால் குழியாகத் தெரியும். தாளில் ஒன்றும் மாறவில்லை. வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்குக் கீழே வாழ்ந்து பழகிய மூளை அது. கன்ன எலும்பின் மேல் வெளிச்சம், அதற்கு அடியில் இருட்டு என்று போட்டால் எலும்பு தூக்கி நிற்பதாக நாம் நம்புவது இதனால்தான். கான்டூர், ஹைலைட் என்று நாங்கள் செய்கிற வேலைக்கெல்லாம் அடிப்படை இது ஒன்றுதான்.

ஆனால் கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. ரிசப்ஷன் மேடையில் வீடியோக்காரர் இரண்டு பெரிய எல்இடி பேனலை நேர் எதிரே முகத்தின் உயரத்துக்கு நிறுத்திவிடுவார். கேமராவுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் வரும்போது முகத்தின் இயற்கையான நிழல்கள் அழிந்துபோகும். பூசிய கான்டூருக்குத் துணை நிற்க உண்மையான நிழல் ஒன்றும் இருக்காது, அது தனியாகப் பழுப்புக் கோடாக நிற்கும். காலை முகூர்த்தத்தில் இன்னொரு கதை. குனிந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணின் முகத்துக்கு ஓமத்தீயின் வெளிச்சம் கீழேயிருந்து வரும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் கீழேயிருந்துதான் வரும்.

நான் தனியாகத் தொழில் ஆரம்பித்த முதல் வருடத்தில் ஒரு பெண்ணுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு, மணமகள் அறையின் ஒற்றை டியூப் லைட்டில் உட்காரவைத்துப் போட்டேன். தாடை ஓரத்தில் நான் கொடுத்த நிழல் அந்த வெளிச்சத்தில் மிக அழகாக இருந்தது. ஆல்பம் வந்ததும் அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார், "கன்னத்துல என்னம்மா, அழுக்கு ஒட்டின மாதிரி இருக்கு?" அவர் சொன்னது முழுக்கச் சரி. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்கும் முதலில் கேட்பது, வெளிச்சம் எங்கே நிற்கும் என்றுதான். மணமகள் அறையிலிருந்து ஒரு தடவையாவது பெண்ணை மேடை வெளிச்சத்துக்கு அழைத்துப்போய்ப் பார்க்காமல் வேலையை முடிப்பதில்லை.

இப்போது உங்கள் பவுண்டேஷனுக்கு வருவோம், ஏனென்றால் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கறுப்புப் பின்னணியில் இருக்கிற வெள்ளைச் சதுரம், வெள்ளைப் பின்னணியில் இருக்கிற அதே அளவு கறுப்புச் சதுரத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார்; ஓவியம், துணி, கட்டடம் என்று எங்கும் தெரிந்த சங்கதி இது. உங்கள் முகத்தைச் சுற்றி இருப்பது கருங்கூந்தல். அந்தக் கறுப்பு வளையத்துக்கு நடுவில் முகத்தை இரண்டு ஷேடு வெளுப்பாக்கினால், வெளிச்சமான பரப்பு விரிந்து தெரியத்தான் செய்யும்.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. பூசாத முகத்தைக் கவனித்துப் பாருங்கள்: நம் ஊர்த் தோலில் நெற்றி ஓரம், வாயைச் சுற்றி, தாடையடி எல்லாம் கொஞ்சம் அடர்த்தியாகவும், கன்னத்தின் நடுப்பகுதி கொஞ்சம் வெளிச்சமாகவும் இருக்கும். இது எல்லோருக்கும் ஒரே அளவில் இராது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு உண்டு. அதாவது கடவுளே கொஞ்சம் கான்டூர் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். ஒரே வெளுத்த ஷேடைக் காதிலிருந்து காது வரை, நெற்றியிலிருந்து தாடை வரை பூசும்போது அந்த ஏற்ற இறக்கம் முழுக்க மறைந்து முகம் சப்பையாகிறது. பிறகு பழுப்பை எடுத்து, மறைத்ததைத் திரும்ப வரைய வேண்டியிருக்கிறது. முதலில் துடைத்ததையே பிறகு எழுதுகிற வேலை இது.

இங்கே நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளுத்த பூச்சுக்கு ஆதரவாகவும் ஒரு நியாயம் உண்டு. தோல் வெளுக்கும்போது கண், புருவம், உதடு எல்லாம் அதிலிருந்து தூக்கலாகத் தெரியும், அதனால் கண்ணாடியில் பார்த்த அந்த நிமிஷம் பளிச்சென்று இருப்பது பொய்யில்லை. ஆனால் அந்தத் தூக்கலைக் கண்ணில் மை கூட்டியும் உதட்டில் நிறம் கூட்டியும் பெறலாம். முகத்தை அகலமாக்கி, கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறம் என்று ஆக்கித்தான் பெற வேண்டும் என்பதில்லை. கல்யாணப் பெண்ணை வெளுப்பாக்கித்தான் மணையில் உட்காரவைக்க வேண்டும் என்ற பழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. எத்தனையோ அழகான கறுப்புப் பெண்கள் தங்கள் ஆல்பத்தில் தங்களையே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடர் நிறத் தோலுக்கு கான்டூர் குறைவாகத்தான் வேலை செய்யும் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். வெளுத்த தோலில் இருட்டுப் பக்கம் இறங்க நிறையப் படிகள் இருக்கின்றன. மாநிறத்தில் குறைவு, கறுப்பில் இன்னும் குறைவு. அங்கே வடிவம் தெரிவது மினுமினுப்பில்தான். கறுத்த தோல் உள்ளே போன வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பித் தரும், ஆனால் தோலின் மேல்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு குறைவதில்லை. அதனால் கன்ன எலும்பின் உச்சியில், மூக்குத்தண்டில், தாடை நுனியில் விழுகிற அந்த மினுக்கு முகத்தை அழகாகச் செதுக்கிக் காட்டும். எண்ணெய் வடியக்கூடாது என்று முகம் முழுவதும் காம்பாக்டை அழுத்தினால் அதுவும் செத்துவிடுகிறது. என் பழக்கம் என்னவென்றால், நெற்றி நடு, மூக்கு ஓரம், மேலுதட்டுக்கு மேல் மட்டும் பவுடர். கன்னத்தின் மேல்பக்கத்தை விட்டுவிடுவேன். ஹைலைட்டர் தேவைப்பட்டால் தங்கம், தாமிரம், தேன் நிறம். வெள்ளியும் முத்து வெள்ளையும் மாநிறத்தில் தனியாகத் தெரியும்.

கான்டூரின் சாயலிலும் தவறு நடக்கிறது. நிழல் என்பது வெளிச்சம் குறைந்த தோல், ஆரஞ்சு அடித்த தோல் அல்ல. கடையில் கிடைக்கிற பல பழுப்புகள் சிவப்போ ஆரஞ்சோ கலந்தவை. வெயிலில் காய்ந்த மாதிரி காட்டுவதற்காக வெளிநாட்டு வெளுத்த தோலை மனதில் வைத்துச் செய்த ப்ரான்சர்கள். அதை நம் கன்னத்தில் நிழலுக்காகப் போட்டால் நிழலாகத் தெரியாது. உங்கள் தோலின் அதே சாயலில், சிவப்பு குறைவாக, இரண்டு படி அடர்ந்த கிரீம் பவுண்டேஷனே நல்ல கான்டூர். அதே மாதிரி, வெள்ளை நிறமி அதிகம் கலந்த வெளிர் ரோஸ் ப்ளஷ் மாநிறத்தில் சாம்பல் பூத்தாற்போல் ஆகும். செங்கல், தக்காளிச் சிவப்பு, நாவல்பழம், காய்ந்த ரோஜா, இந்த வரிசையில் தேடுங்கள். டப்பாவில் பார்க்கப் பயமாக இருக்கும். கன்னத்தில் தேய்த்ததும் ரத்தம் ஓடுகிற மாதிரி அடங்கிவிடும்.

போட்டோவில் மட்டும் வெளுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். டைட்டானியம் டை ஆக்ஸைடு, ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனோ பவுண்டேஷனோ, சிலிக்கா பவுடரோ அதிகமாகிவிட்டால் பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேரில் ஒன்றும் தெரியாது, பிளாஷ் போட்டோவில் முகம் மட்டும் வெள்ளையாக வரும். அடுத்த ட்ரையலில் பிளாஷ் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஷேடைத் தாடை ஓரத்தில் தடவி, கழுத்தோடு ஒட்டிப் பார்த்து, அரை மணி நேரம் கழித்து வாசல் வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள். சில பவுண்டேஷன் தோலின் எண்ணெயோடு சேர்ந்து நிறம் இறங்கும். அப்புறம், நலங்கு. முந்தின நாள் மஞ்சள் பூசி நலங்கு வைத்தால் முகத்தில் மஞ்சள் சாயம் தங்கும், ட்ரையலில் பொருந்திய ஷேடு மறுநாள் பொருந்தாது. மஞ்சளின் நிறம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் முகம் கழுவினால் பெரும்பகுதி போய்விடும்.

இனி கண். வட்ட முகத்தில் நான் அதிகம் நம்புவது கன்னத்தில் போடுகிற நிழலைவிடக் கண்ணைத்தான். பார்ப்பவர் கண் முதலில் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் முகத்தின் மையம். மையம் மேலே ஏறினால் கன்னத்தின் அகலம் இரண்டாம் பட்சமாகிவிடும். ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற உளவியலாளர் 2009இல் காட்டியது இங்கே பொருந்தும்: தோலுக்கும் கண், உதடு ஆகியவற்றுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், மேக்கப் அந்த வித்தியாசத்தை இன்னும் கூட்டுகிறது. ஒரே முகப்படத்தில் அந்த வித்தியாசத்தை மட்டும் கூட்டிக் குறைத்து, ஒன்று பெண்ணாகவும் மற்றது ஆணாகவும் தெரியும்படி செய்து காட்டினார். வயது ஏற ஏற இந்த வித்தியாசம் குறைகிறது என்றும் அவரும் சகாக்களும் 2013இல் எழுதினார்கள். பாட்டிகள் கண்ணுக்கு மையும் நெற்றிக்குக் குங்குமமும் வாய்க்கு வெற்றிலையுமாக இருந்ததை நினைத்துப் பார்க்கிறேன். கண், நெற்றி, உதடு, மூன்று இடத்திலும் அந்த வித்தியாசத்தைத்தான் காப்பாற்றிவந்தார்கள்.

கண்ணைப் பெரிதாகக் காட்டுவது பற்றி நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரு வட்டத்தைச் சுற்றி ஒட்டினாற்போல் இன்னொரு வளையம் போட்டால் உள்ளே இருக்கிற வட்டம் பெரிதாகத் தெரியும். வளையம் மிகவும் விலகிப்போனால் சிறிதாகத் தெரியும். பெல்ஜியத்தைச் சேர்ந்த டெல்பூஃப் 1865இல் கவனித்தது இது. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் மொரிகாவா குழு 2015இல் ஐ ஷேடோவும் இதே வழியில்தான் கண்ணைப் பெரிதாக்குகிறது என்று அளந்து காட்டியது. அதனால் ஐ ஷேடோவைக் கண்ணுக்கு நெருக்கமாக, இமை மடிப்புக்குக் கொஞ்சம் மேல் வரை மட்டும் கொண்டுபோய்க் கரைத்துவிடுங்கள். புருவம் வரை பூசினால் அது வேறு அழகு, கண் அளவுக்கு அதனால் லாபமில்லை. மையைக் கண்ணின் உள்விளிம்பில் நான்கு பக்கமும் அடைத்து இழுத்தால், சிறிய கண்ணுக்கு வேலி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது என்பது என் அனுபவம். வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும் மையை வைத்து, கொஞ்சம் வெளியே மேல்நோக்கி இழுங்கள். பரதநாட்டியத்தில் கடைசி வரிசைக்கும் தெரிவதற்காகக் காதை நோக்கி நீட்டி வரைவார்கள் அல்லவா, அதில் கால்வாசி போதும்.

ப்ளஷ் விஷயத்தில் ஆராய்ச்சியை நம்பி எதுவும் சொல்வதற்கில்லை, கையில் கண்டதைச் சொல்கிறேன். சிரிக்கச் சொல்லி, எழும்புகிற கன்னத்தின் நடுவில் வட்டமாக வைப்பது வட்ட முகத்தை இன்னும் வட்டமாக்கும். கன்ன எலும்பின் மேல் வைத்து, கண்ணின் வெளிக்கோடியை நோக்கி மேலே இழுத்துக் கரைத்தால் முகம் தூக்கின மாதிரி இருக்கும். நீள முகத்துக்கு இதற்கு எதிர்: கன்னத்தின் குறுக்கே, மூக்கை நோக்கிப் படுக்கையாக வைத்தால் நீளம் குறைந்து தெரியும். சதுரத் தாடை உள்ளவர்கள் தாடை முனையை இருட்டாக்கப் பார்ப்பார்கள். அது முன்பக்க வெளிச்சத்தில் எப்போதும் ஏமாற்றும், அதைவிடக் கண்ணையும் நெற்றியையும் எடுப்பாக்கினால் தாடை தானாக அடங்கும். நெற்றி அகன்று தாடை கூர்ந்த முகத்துக்கு உதட்டில் நல்ல அடர்ந்த நிறம் போடலாம், பார்வை கீழே இறங்கிச் சமநிலை வரும்.

உதட்டைப் பொறுத்தவரை ஒன்றுதான். அடர்ந்த, மினுக்கில்லாத மேட் நிறம் உதட்டைச் சற்று மெலிதாகக் காட்டும், வெளிர் நிறமும் மினுக்கும் தடிப்பாகக் காட்டும். கண்ணைப் பலமாக எழுதிவிட்டு உதட்டில் கறுஞ்சிவப்பும் போட்டால் இரண்டும் பார்வையைப் பங்கு போட்டுக்கொள்ளும். முகூர்த்தத்துக்கு அரக்குப் பட்டு கட்டுகிறீர்கள் என்றால் அதே அரக்கை உதட்டில் தேடாமல் ஒரு படி இறக்கிச் செங்கல் சிவப்பாக வைத்துக்கொள்வேன்.

பட்டு என்றதும் நினைவு வருகிறது, எந்த வீடியோவிலும் இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. புடவையும் மாலையும் கூட மேக்கப்தான். சிவப்புப் பட்டிலும் சம்பங்கி மாலையிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் தாடையடியில் விழும். மாம்பழ மஞ்சள் பட்டு தாடைக்கு மஞ்சள் கொடுக்கும். வெள்ளைச் சம்பங்கி மாலை தாடையடி நிழலை அழித்து முகத்தைக் கீழ்ப்பக்கம் அகலமாக்கும். ரோஜா மாலையில் அந்தத் தொல்லை குறைவு. நகையிலும் வடிவம் இருக்கிறது. வகிட்டில் நேராக இறங்குகிற நெற்றிச்சுட்டி வட்ட முகத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு கொடுக்கும், அது உங்களுக்கு நல்லது. பெரிய குடை ஜிமிக்கி கன்னத்தின் அகலமான இடத்துக்கு நேராகத் தொங்கினால் அந்த அகலத்தைக் கூட்டும். கழுத்தை ஒட்டிய அட்டிகை கழுத்தைக் குறுக்கும், அதன் கீழே நீள ஆரம் ஒன்று இறங்கினால் சரியாகும். பொட்டைப் புருவ நடுவுக்கு ஒரு விரல்கடை மேலே, வட்டத்துக்குப் பதில் நீள வாக்கில் வைத்துப் பாருங்கள். இத்தனைக்கும் தூரிகை எடுக்கவே தேவையில்லை.

இப்போது சந்தேகமானவை. வட்டம், முட்டை, சதுரம், இதயம், வைரம் என்று முகத்தை ஐந்தாறு கட்டங்களில் அடைப்பது தொழிலின் வசதிக்காக. என் முன்னால் உட்கார்ந்த முகங்களில் பாதிக்கு மேல் எந்தக் கட்டத்திலும் முழுதாக அடங்கவில்லை. சிரித்தால் வட்டம், மௌனமாக இருந்தால் முட்டை என்று மாறுகிற முகங்கள்தான் அதிகம். 'வட்ட முகத்துக்கு இந்த நிறம்' என்று சாயலையும் வடிவத்தையும் ஜோடி போடுகிற அட்டவணைகளுக்கு அடிப்படை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து அண்டர்டோன், அதாவது தோலின் அடிச்சாயல், சொல்வதும் மாநிறத்திலும் கறுப்பிலும் அடிக்கடி தவறுகிறது. தாடையில் மூன்று ஷேடைக் கோடு போட்டுப் பார்ப்பது அதைவிட நம்பகமானது. தோல்வகை ஒன்று முதல் ஆறு என்று சொல்கிற ஃபிட்ஸ்பாட்ரிக் அட்டவணையையும் சிலர் ஷேடு பார்க்கப் பயன்படுத்துகிறார்கள். 1975இல் ஒரு தோல் மருத்துவர், வெயில் பட்டால் தோல் சிவக்குமா கறுக்குமா என்று பிரிப்பதற்காகத் தொடங்கிவைத்தது அது, பவுண்டேஷனுக்காக அல்ல.

அடர் சிவப்பு போட்டால் தைரியசாலி, வெளிர் ரோஸ் போட்டால் சாது என்று மற்றவர்கள் எண்ணுவார்களா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நான்சி எட்காஃப் என்ற உளவியலாளரின் குழு 2011இல் 25 பெண்களை மேக்கப் இல்லாமலும் மூன்று அளவு மேக்கப்புடனும் படமெடுத்து மற்றவர்களிடம் காட்டியது. கால் நொடி மட்டும் பார்த்தவர்களிடம் மேக்கப் முகங்கள் எல்லா விதத்திலும் நல்ல பெயர் வாங்கின. நிதானமாகப் பார்த்தபோது பலமான மேக்கப் முகத்தைத் திறமைசாலி என்றார்கள், ஆனால் நம்பகம் குறைத்தார்கள். சுவாரசியமான முடிவுதான், ஆனால் அதற்குப் பணம் கொடுத்தது அழகுப் பொருள் விற்கிற பிராக்டர் அண்ட் கேம்பிள். பார்க்கப்பட்ட முகங்களும் அமெரிக்க முகங்கள். நம் ஊர் மண்டபத்தில் மாமியார் வீட்டு ஆட்கள் உங்கள் உதட்டு நிறத்தைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. மை தீட்டிய கண், குங்குமம், வெற்றிலைச் சிவப்பு, இவையெல்லாம் மங்கலம் என்று பழகிய கண்கள் அவை.

வட்ட முகத்தைக் குறை என்று வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மதிமுகம் என்று நம் மொழி கொண்டாடியது உங்கள் முகத்தைத்தான். கோயில் அம்மன் முகத்தைச் சந்தனக் காப்பில் பார்க்கும்போது யாரும் கன்னம் ஒடுங்கியிருக்கக் கூடாதா என்று கேட்பதில்லை. ஒல்லியான தாடைதான் அழகு என்பது போன் கேமராவோடு வந்த சமீபத்திய ஆசை. போனைக் கைநீளத்தில் பிடித்து எடுத்தால் மூக்கும் கன்னத்தின் நடுவும் பெருத்துக் காது பின்வாங்கும், அது தூரத்தின் விளைவு. ஐந்தாறு அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் பெருக்கம் குறையும்.

அடுத்த ட்ரையலுக்கு உங்கள் பியூட்டிஷியனிடம் சண்டை போட வேண்டாம், மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். பவுண்டேஷன் கழுத்து நிறத்தில் வேண்டும், முகத்தின் நடுவில் மட்டும் அரை ஷேடு வெளிச்சமாக இருக்கலாம், காது வரை வேண்டாம். கான்டூர் இல்லாமல் ஒரு பக்கம், லேசான கான்டூரோடு மறு பக்கம் போட்டு இரண்டையும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒப்பிடுவோம். கண்ணை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் கன்னத்துக்கு என்ன தேவை என்று பார்ப்போம். நல்ல கைக்காரர் என்றால் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். போகும்போது முகூர்த்தப் புடவையையும் நெற்றிச்சுட்டியையும் எடுத்துப்போங்கள். முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரிங் லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் ஒரு படம், நேர் எதிரே பிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள்.